ஒருங்கிணைந்த மையத் தலைமைத்துவத் தேசியத் தகுதி

ஒருங்கிணைந்த மையத் தலைமைத்துவத் தேசியத் தகுதி என்பது இங்கிலாந்தில் சிறார் மையங்களின் தலைவர்களுக்கென உருவாக்கப்பட்ட தொழில்சார் பயிற்சியும் தகுதிச் சான்றும் ஆகும். முன்பருவக் கல்வி, உடல்நலம், குடும்ப நலம் ஆகிய சேவைகளை ஒரே இடத்தில் வழங்கும் மையங்களை நடத்துவோருக்கு இது வழங்கப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் என்.பி.கியூ.ஐ.சி.எல். எனவும் அழைக்கப்பட்டது.

பின்னணி

1990களின் இறுதியில் பிரித்தானிய அரசு, வறிய பகுதிகளில் வாழும் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அவர்களது பெற்றோருக்கும் உதவ ஷுவர் ஸ்டார்ட் திட்டத்தைத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு இலண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, தன்னைப் பராமரித்தவர்களின் கொடுமையால் இறந்தாள். சமூக சேவைத் துறை, மருத்துவமனைகள், காவல்துறை ஆகியவற்றின் பார்வைக்கு அவள் வந்திருந்தும் காப்பாற்றப்படவில்லை. 2003இல் வெளியான லேமிங் விசாரணை அறிக்கை, இத்துறைகள் தகவல்களை முறையாகப் பகிர்ந்துகொள்ளாததைச் சுட்டிக்காட்டியது. இதன் பின்னர் சேவைகளை ஒருங்கிணைக்கும் முயற்சி வேகம் பெற்றது; 2004இல் சிறார் சட்டம் இயற்றப்பட்டது. 2010ஆம் ஆண்டுக்குள் 3,500 சிறார் மையங்களை அமைப்பதும் இலக்காயிற்று.

தேவை

ஒரு சிறார் மையத்தில் மழலையர் பள்ளி ஆசிரியர், செவிலியர், சமூகப் பணியாளர் எனப் பலர் பணிபுரிந்தனர். இவர்கள் வெவ்வேறு பயிற்சி பெற்றவர்கள். பலருக்கு வேலை தரும் நிறுவனமும் ஊதிய விதிகளும் வேறானவை. எனவே, தம் நேரடி அதிகாரத்தின் கீழ் இல்லாதவர்களையும் வழிநடத்த வேண்டிய நிலையில் மையத் தலைவர் இருந்தார். பள்ளித் தலைமையாசிரியர்களுக்கான பயிற்சி இதற்குப் போதுமானதாக இல்லை. 1997இல் தொடங்கி ஏறத்தாழ 3,000 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஈ.பி.பி.ஈ. ஆய்வு, பொறுப்பாளரின் கல்வித் தகுதி உயர்ந்திருந்த முன்பருவ நிலையங்களில் தரமும் உயர்ந்திருந்ததைக் காட்டியது.

உருவாக்கமும் பாடமுறையும்

இப்பயிற்சி, கார்பி நகரிலுள்ள பென் கிரீன் மையத்தின் பங்களிப்புடன் உருவானது. எஃகு ஆலை மூடப்பட்டதால் வேலையிழப்பு மிகுந்திருந்த அந்நகரில் இம்மையம் 1983இல் தொடங்கப்பட்டது. இதன் முதல் தலைவர் மார்கி வாலி ஆவார். நாட்டிங்காமில் இருந்த பள்ளித் தலைமைத்துவத் தேசியக் கல்லூரி இத்தகுதியை நிருவகித்தது. 2004இல் முன்னோடிப் பயிற்சி நடைபெற்றது. பின்னர் நாடு முழுவதும் விரிவுபடுத்தப்பட்டது.

ஏறத்தாழ ஓராண்டு நீடித்த இப்பயிற்சி முதுகலைத் தரத்தில் அமைந்தது. விரிவுரைகளை விட, பங்கேற்பாளரின் அன்றாட அனுபவமே பாடப்பொருளாகக் கொள்ளப்பட்டது. பல துறையினர் சிறு குழுக்களாகக் கூடிக் கற்றனர். ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி இருந்தார். பங்கேற்பாளர்கள் தம் தலைமைப் பணியைத் தாமே ஆராய்ந்து எழுதினர்.

பிற்கால நிலை

2010இல் ஆட்சி மாறிய பின் உள்ளாட்சி நிதி குறைக்கப்பட்டது. சிறார் மையங்களுக்கென ஒதுக்கப்பட்ட தனி நிதிப் பாதுகாப்பும் நீக்கப்பட்டது. 2009க்குப் பின் 1,000 மையங்கள் வரை மூடப்பட்டிருக்கலாம் என சட்டன் அறக்கட்டளை 2018இல் மதிப்பிட்டது. மையங்கள் குறைந்ததோடு அவற்றின் தலைவர்களுக்கான இத்தகுதியும் வழக்கொழிந்தது. தேசியக் கல்லூரி 2013இல் வேறொரு முகமையுடன் இணைக்கப்பட்டது.

2022இல் முன்பருவத் தலைமைத்துவத் தேசியத் தகுதி என்ற புதிய பயிற்சி தொடங்கப்பட்டது. இது மழலையர் நிலையங்களை நடத்துவோருக்கானது. முந்தைய தகுதியைப் போலப் பல்துறை மையங்களுக்கென மட்டும் வகுக்கப்பட்டதன்று. 2024இல் நிதி ஆய்வுக் கழகம் வெளியிட்ட ஆய்வு, தொடக்ககால ஷுவர் ஸ்டார்ட் மையங்களுக்கு அருகில் வளர்ந்த வறிய குழந்தைகள் பதினாறு வயதுத் தேர்வுகளில் மேம்பட்ட பெறுபேறுகளைப் பெற்றதைக் கண்டறிந்தது. அந்த முடிவு வெளியானபோது அம்மையங்களில் பல மூடப்பட்டிருந்தன.