நாடு இருண்டாலும் தோட்டம் ஒளிருமா? சப்ரகமுவவுக்குத் தேவையான ஸ்மார்ட் மின்கட்டமைப்பு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11 மணி கடந்து சில நிமிடங்களில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதே காரணம் என அமைச்சர் கூறினார். ஒரு குரங்கால் நாடே இருளும் அளவுக்கு மின்கட்டமைப்பு ஏன் பலவீனமாக இருந்தது என்பதே முக்கியமான கேள்வி.

அன்று விடுமுறை என்பதால் மின்தேவை குறைவு. வெயிலால் சூரியமின் உற்பத்தி அதிகம். ஆகவே நீர், அனல் மின்நிலையங்களின் கனத்த சுழலிகள் குறைவாகவே ஓடின. மின்சாரத்தின் அதிர்வெண்ணை 50 ஹேர்ட்ஸில் தாங்கிப் பிடிப்பவை அச்சுழலிகளே. அவை குறைந்தால் சிறு கோளாறிலும் அதிர்வெண் வேகமாகச் சரியும். மின்நிலையங்கள் அடுத்தடுத்து விலகும். நுரைச்சோலையின் 900 மெகாவோட்டும் அன்று நின்றது. அடுத்த நாட்களில் மின்வெட்டு அமுலானது.

பற்றறி செய்யும் வேலை

2016 செப்டெம்பர் 28இல் புயலால் தெற்கு அவுஸ்திரேலிய மாநிலம் முழுவதும் இருண்டது. அடுத்த ஆண்டே அங்கு ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவோட் பற்றறி நிலையம் நிறுவப்பட்டது. அதிர்வெண் தளம்பினால் அது ஒரு விநாடிக்குள் மின்சாரத்தை வழங்கும் அல்லது உள்வாங்கும். ஸ்மார்ட் மின்மானிகள் மின் தடைப்பட்ட இடத்தைத் தாமாகவே அறிவிக்கும். தன்னியக்க ஆளிகள் பழுதான பகுதியை மட்டும் துண்டித்து, ஏனைய இடங்களுக்கு மின்சாரத்தைத் தொடரும். மரக்கிளையும் மண்சரிவும் கம்பிகளை அறுக்கும் இரத்தினபுரி, கேகாலை மலைகளில் இது பெரிய உதவி.

ஆற்றருகே இருள்

இந்த மலைகளுக்கு மின்னுற்பத்தி புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்திலேயே தேயிலைத் தொழிற்சாலைகள் நீர்ச்சுழலிகளை வைத்திருந்தன. 1990களில் இவ்விரு மாவட்டக் கிராமங்களிலும் சிறு நீர்மின் திட்டங்கள் பரவின. பாவனையாளர் சங்கங்களே அவற்றை நடத்தின. வீடுகளில் விளக்குகள் அணைக்கப்பட்டால், மிகுதி மின்சாரத்தை ஒரு கட்டுப்பாட்டுக் கருவி சூடாக்கிக்குத் திருப்பிவிடும். அதனால் சுழலியின் வேகம் மாறாது. ஹோர்ன்ஸ்டேல் பற்றறி செய்வதும் இதே சமநிலைப்படுத்தல்தான். தேசிய மின்சாரம் வந்தபின் பல திட்டங்கள் கைவிடப்பட்டன. சில தேசிய கட்டமைப்புடன் இணைக்கப்பட்டன.

இணைக்கப்பட்ட சிறு மின்நிலையங்கள், தேசிய மின்சாரம் நின்றால் பாதுகாப்புக்காகத் தாமும் நின்றுவிடும் வகையிலேயே பொதுவாக அமைக்கப்படுகின்றன. ஆற்றில் நீர் ஓடும். அருகிலுள்ள லயன் இருளில் கிடக்கும். பற்றறியும் ஸ்மார்ட் கட்டுப்பாடும் சேர்த்தால், அந்நிலையம் தற்காலிகமாகத் தனித்து இயங்கி லயன்களுக்கும் வைத்தியசாலைக்கும் மின்சாரம் தரலாம். யுத்த காலத்தில் தேசிய கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்தின் டீசல் இயந்திரங்கள் இவ்வாறு தனித்தே இயங்கின. இங்கு எரிபொருளுக்குப் பதில் ஆறு இருக்கிறது.

யாருடைய கூரை?

தடை தொழில்நுட்பத்தில் மட்டுமில்லை. லயன் கூரையும் நிலமும் தோட்டத்துக்குரியவை. காணி உறுதி இல்லாத குடும்பம் தன் பெயரில் கூரைச் சூரியமின் ஒப்பந்தம் செய்வது கடினம். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னியில் குடியேறியவர்களுக்கு, உறுதியில்லாத வாழ்வு என்னவென்று தெரியும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்தபோது, வசதியுள்ளவர்கள் ஜெனரேட்டரை இயக்கினார்கள். லயன்களில் மெழுகுவர்த்தி எரிந்தது.

எனவே ஸ்மார்ட் மின்கட்டமைப்புக்கான திட்டங்களில் மூன்று விடயங்கள் இடம்பெற வேண்டும்: ஒவ்வொரு லயன் வீட்டுக்கும் தனி மின்மானி, தோட்ட மக்கள் பங்குதாரராகும் மின் கூட்டுறவு, தனித்து இயங்கக்கூடிய சிறு நீர்மின் நிலையங்கள். காணி உரிமைக்கான கோரிக்கையோடு இவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும்.