சவர் (இசை ஆல்பம்)

சவர்: அமெரிக்கப் பாப் பாடகி ஒலிவியா ரொட்ரிகோவின் முதல் ஆல்பம். கெஃபன் ரெக்கார்ட்ஸ் 2021 மே 21 அன்று வெளியிட்டது. முதன்மைத் தயாரிப்பாளர் டான் நிக்ரோ. டிஸ்னி தொடர்களில் நடித்துப் பெயர்பெற்ற ரொட்ரிகோவுக்கு அப்போது வயது 18.

‘புளிப்பு’ எனப் பொருள்படும் தலைப்புக்கேற்ப, காதல் முறிவின் கசப்பையும் பொறாமையையும் பதின்வயதுத் தன்னம்பிக்கைக் குறைவையும் 11 பாடல்கள் பேசுகின்றன. ஆல்பத்துக்கு முன்பே 2021 ஜனவரியில் வந்த ‘டிரைவர்ஸ் லைசென்ஸ்’, பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 8 வாரங்கள் முதலிடம் வகித்தது.

நாட்குறிப்பை வாசிப்பதுபோன்ற ஒளிவுமறைவற்ற வரிகளும், மென்மையான பியானோ இசைக்கு அடுத்தே ‘குட் ஃபார் யூ’ போல கிட்டார் அதிரும் பாப்-பங்க் பாடல்கள் வருவதும் இதன் ஈர்ப்பு. 2022இல் சிறந்த பாப் குரலிசை ஆல்பத்துக்கான கிராமி விருதை இது வென்றது. ரொட்ரிகோ சிறந்த புதிய கலைஞராகவும் தேர்வானார்.