பொழுதுகாட்டியும் பொழுதுபோக்கியும்

கேம் அண்ட் வாட்ச் என்பது ஜப்பானின் கியோட்டோ நகரத்து நிண்டெண்டோ நிறுவனம் 1980 முதல் 1991 வரை தயாரித்த கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வரிசை. பந்து என்று பொருள்படும் ‘பால்’ என்ற முதல் கருவி 1980 ஏப்ரல் 28 அன்று 5,800 யென் விலையில் கடைக்கு வந்தது. சட்டைப்பையில் அடங்கும் தட்டையான பெட்டி. நடுவே சின்னத் திரை. இரு பக்கமும் கட்டைவிரலுக்கு ஒவ்வொரு பொத்தான். விளையாடாத வேளையில் அது மணி காட்டியது.

இதை உருவாக்கிய கன்பெய் யோகோய் 1941இல் பிறந்தவர். தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துவிட்டு 1965இல் நிண்டெண்டோவில் சேர்ந்தார். 1889இல் ஹனாபூடா எனும் பூச்சீட்டு தயாரிக்கத் தொடங்கிய அந்த நிறுவனம் அப்போதும் சீட்டுக்கட்டுகளையே நம்பியிருந்தது. எந்திரங்களைப் பழுதுபார்ப்பதுதான் யோகோயின் வேலை. சும்மா இருந்த நேரத்தில் அவர் செய்து வைத்திருந்த நீளும் கை ஒன்று தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் கண்ணில் பட்டது. திட்டு விழவில்லை, அதையே பொம்மையாக்கி விற்கச் சொன்னார் தலைவர். 1966இல் வந்த ‘அல்ட்ரா ஹேண்ட்’ பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பழுதுபார்ப்பவர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

கேம் அண்ட் வாட்ச் பிறந்த கதையைப் பிற்காலத்தில் யோகோயே சொல்லியிருக்கிறார். ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒருவர், பொழுது போகாமல், கால்குலேட்டரின் பொத்தான்களை வெறுமனே தட்டிக்கொண்டிருந்தார். ரயிலில் பெரியவர்கள் கூச்சமில்லாமல் விளையாட, கைக்குள் மறைகிற கருவி ஒன்று இருந்தால் என்ன என்று யோகோய்க்குத் தோன்றியது. பின்னர் ஒருநாள், தலைவரின் ஓட்டுநருக்கு உடம்பு சரியில்லாததால், அவரது காரை யோகோய் ஓட்ட நேர்ந்தது. வழியில் இந்த யோசனையைச் சொன்னார். யமவுச்சி பிடிகொடுக்கவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் ஷார்ப் நிறுவனத்தின் தலைவர். பேச்சு அங்கே நடந்துவிட்டது. சில நாள்களில் ஷார்ப்பின் அதிகாரிகள் யோகோயைத் தேடி வந்தார்கள்.

அவர்கள் அப்படி ஓடிவரக் காரணம் இருந்தது. 1973இலேயே திரவப் படிகத் திரை கொண்ட கால்குலேட்டரை விற்றது ஷார்ப். அதற்கு முந்தைய ஆண்டு காசியோ 12,800 யென்னுக்கு ஒரு சிறு கால்குலேட்டரை இறக்கியதிலிருந்து இரு நிறுவனங்களும் விலையைப் போட்டி போட்டுக் குறைத்துக்கொண்டே வந்தன. பத்தாண்டு முடிவதற்குள் கால்குலேட்டர் மலிந்துவிட்டது. சில்லும் திரையும் செய்யும் ஆலைகளுக்குப் புது வேலை தேவைப்பட்டது. யோகோயின் கொள்கையும் இதற்கு வாகாக அமைந்தது. புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாமல், நன்கு பழகி மலிந்த பொருளை எதிர்பாராத இடத்தில் பயன்படுத்த வேண்டும் என்பார் அவர். ‘வாடிய தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்திப்பது’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்.

கருவி இயங்கும் விதம் எளிது. கால்குலேட்டரில் 8 என்ற எண்ணுக்கு ஏழு கோடுகள் திரையில் நிலையாகப் பதிந்திருக்கும். தேவையான கோடுகள் மட்டும் கறுக்கும். கேம் அண்ட் வாட்சில் கோடுகளோடு மனித உருவம், பந்து, கை ஆகியவையும் அப்படியே பதிக்கப்பட்டன. உருவம் நகர்வதில்லை, ஓரிடத்து உருவம் மறைந்து அடுத்த இடத்து உருவம் தெரிகிறது. கோயில் திருவிழாவில் சீரியல் பல்புகளால் அமைத்த கண்ணன் குழலூதுவதும் இதே வித்தைதான். இதனால் ஆட்டம் சீராக ஓடாமல், ‘டிக் டிக்’ என்ற ஓசையோடு ஒவ்வோர் அடியாகத் தாவியது. கேட்பவருக்குக் கடிகாரம் ஓடுவது போலவே இருக்கும்.

உள்ளே இருந்தது ஷார்ப்பின் 4-பிட் சில்லு. நேரத்தைத் துடிப்புகளாக எண்ணுவது அதற்கு இயல்பு. ஆட்டத்தில் புள்ளிகளைக் காட்டும் எண்களே மற்ற வேளையில் மணியைக் காட்டின. எனவே கடிகாரத்துக்கென்று தனிச்செலவு ஏறக்குறைய இல்லை. கைக்கடிகாரக் கடையிலும் வைக்கலாம், அலுவலக மேசையிலும் வைக்கலாம். விளையாட்டுப் பொருளுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அந்த மணியும் வெறும் எண்ணாக நிற்கவில்லை. ஆளில்லாமலே ஆட்டத்தின் உருவங்கள் திரையில் அசைந்துகொண்டிருந்தன. 1981இன் ‘மேன்ஹோல்’ முதலான பொன்னிற வரிசையில் அலாரமும் சேர்ந்தது.

பெரியவர்களை எண்ணிச் செய்ததைச் சிறுவர்கள் வாரிக்கொண்டார்கள். எரியும் கட்டடத்திலிருந்து குதிப்பவர்களைத் தாங்கும் ‘ஃபயர்’, கடலடிப் புதையலைத் திருடும் ‘ஆக்டோபஸ்’ என்று ஆட்டங்கள் பெருகின. 1982இல் இரண்டு திரைகளோடு மடிக்கும் வகை வந்தது. அவ்வாண்டு ஜூன் மாத ‘டாங்கி காங்’கில் நாயகன் நான்கு திசையிலும் நடக்க வேண்டியிருந்ததால், யோகோய் சிலுவை வடிவப் பொத்தானை வைத்தார். அடுத்த ஆண்டு நிண்டெண்டோவின் ஃபேமிகாம் விளையாட்டுக் கருவியின் கைப்பிடியில் ஏறிய அந்தச் சிலுவை, பிறகு உலகெங்கும் பரவியது. இந்த வரிசையின் மிகப் பெரிய கொடை கடிகாரமல்ல, இந்தப் பொத்தானே. சோவியத் ஒன்றியத்தில் இதன் நகல்கள் ‘எலெக்ட்ரோனிகா’ என்ற பெயரில் வந்தன; அவற்றில் முட்டை பிடிக்கும் ஓநாய் அந்நாட்டுக் கார்ட்டூனிலிருந்து எடுத்தது.

கடைசிக் கருவி 1991இன் ‘மரியோ தி ஜக்ளர்’. முதல் கருவியைப் போலவே அதுவும் பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் ஆட்டம். கடையில் விற்ற 59 வகைகளுக்கு உலகெங்கும் 4.34 கோடி விற்பனை. அதில் ஜப்பானுக்கு வெளியே போனது மட்டும் 3 கோடிக்கு மேல். 1989இலேயே, ஆட்டங்களை மாற்றிப் போட்டு விளையாடும் கேம் பாய் யோகோயின் குழுவிடமிருந்து வந்துவிட்டதால், ஒரே ஆட்டம் கொண்ட கருவிக்கு வேலை முடிந்திருந்தது. யோகோய் 1996இல் நிண்டெண்டோவை விட்டு விலகினார். மறுஆண்டு அக்டோபரில் சாலை விபத்தில் இறந்தார்.

‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ ஆட்டத்தின் 35ஆம் ஆண்டை ஒட்டி 2020 நவம்பர் 13 அன்று கேம் அண்ட் வாட்ச் என்ற பெயர் திரும்பி வந்தது. இம்முறை வண்ணத்திரை. கட்டைகளால் அமைந்த எண்கள் மணி காட்ட, கீழே மரியோ நடந்துகொண்டே இருப்பார். நண்பர்களும் எதிரிகளும் தலைகாட்டுவது உட்பட 35 சின்னக் குறும்புகள் அந்தக் கடிகாரத்தில் ஒளிந்திருந்தன. ‘பால்’ ஆட்டமும் உண்டு, மரியோவின் தலையோடு. மறுஆண்டு வந்த ‘ஸெல்டா’ பதிப்பு ஒருபடி மேலே போனது: கடிகாரத்துக்குள் நடமாடும் நாயகனைப் பொத்தானைத் தட்டி நாமே ஓட்டலாம். அன்று விளையாட்டுக்குச் சாக்காக இருந்த கடிகாரம் இப்போது தானே விளையாட்டாகிவிட்டது.

ஆனால் கடிகாரம் என்ற வகையில் பழையதே மேல். புதியதை ஏறக்குறைய 8 மணிநேரத்துக்கு ஒருமுறை மின்னேற்ற வேண்டும். 1980ஆம் ஆண்டின் கருவி இரண்டு பொத்தான் பேட்டரிகளில் மாதக்கணக்கில் ஓடியது. அதில் அணைக்கும் பொத்தானே கிடையாது.