மூன்று தோல்களும் ஒரு பெயரும்

கி.மு. 5ஆம் நூற்றாண்டு வாக்கில், கார்த்தேஜ் நகரத் துறைமுகத்திலிருந்து ஹன்னோ என்ற தளபதி அறுபது கப்பல்களோடு புறப்பட்டார். இன்றைய துனிசியாவில் இருந்த அந்த வணிக நகருக்கு ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் புதிய குடியேற்றங்கள் வேண்டியிருந்தன. வழியெங்கும் ஊர்களை நிறுவிக்கொண்டே தெற்கே போன ஹன்னோ, இரவில் தீப்பிழம்பாக எரிந்த ஒரு மலையைக் கடந்து வளைகுடா ஒன்றை அடைந்தார். அங்கிருந்த தீவில் யாரோ கூட்டமாக நடமாடினார்கள்.

உடம்பெல்லாம் உரோமம். பெரும்பாலும் பெண்கள். கூட வந்த மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயர் சொன்னார்கள். துரத்தியபோது ஆண்கள் செங்குத்தான பாறைகளில் ஏறி, கல்லெறிந்து தப்பிவிட்டனர். சிக்கியது மூன்று பெண்கள். இழுத்துப் போனவர்களைக் கடித்தும் பிறாண்டியும் போராடிய அவர்களைக் கொன்று, தோலை உரித்துக் கப்பலில் ஏற்றினார்கள். உணவு தீர்ந்துபோனதால் பயணம் அத்தோடு முடிந்தது. அந்த மூவரும் சிம்பன்சிகளா, வேறு குரங்குகளா, மனிதப் பெண்களேதானா என்ற கேள்வி மட்டும் முடியவில்லை.

தோல்கள் கார்த்தேஜ் கோயிலில் காட்சிக்கு இருந்தன. கி.மு. 146இல் ரோமானியர்கள் நகரைத் தரைமட்டமாக்கினார்கள். தோல்கள் போயின, கோயிலும் போனது. ஹன்னோவின் பயணக் குறிப்பு கிரேக்க மொழிபெயர்ப்பில் தப்பிப் பிழைத்தது. அந்தக் குறிப்புக்குள் அந்தப் பெயர், உரியவர் யாரென்று தெரியாமல், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் காத்துக் கிடந்தது.

1847ஆம் ஆண்டு. லைபீரியாவில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி மருத்துவர் தாமஸ் சாவேஜ் தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்தார். எதிர்பாராத விதமாக காபோன் ஆற்றங்கரையில் தங்க நேர்ந்தது. அந்தத் தாமதம் மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கதையே வேறாகியிருக்கும். அங்கே இருந்த மற்றொரு மிஷனரியான வில்சன், ஒரு மண்டையோட்டை எடுத்து அவர் முன் வைத்தார்.

சாவேஜ் சிம்பன்சிகளைப் பற்றி ஏற்கெனவே எழுதியவர். புருவத்தின் மேல் திண்ணை போலத் துருத்திய எலும்பைப் பார்த்ததுமே, இது வேறு உயிர் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அப்பகுதி ம்போங்வே மக்களுக்கோ அது புதிதே அல்ல; 'எங்கே-ஏனா' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். உயிரோடு ஒன்றைக்கூடப் பார்க்காத சாவேஜ், கிடைத்த மண்டையோடுகளையும் எலும்புகளையும் திரட்டினார். பாஸ்டனில் உடற்கூற்று அறிஞர் ஜெப்ரிஸ் வைமன் அவற்றை ஆராய்ந்தார். அறிவியல் பெயர் சூட்டும் நேரம் வந்தது. ம்போங்வே பெயர் கைக்கருகிலேயே இருந்தும், தேர்வானது ஹன்னோவின் பழைய ஏட்டில் கிடந்த சொல்: கொரில்லா!

தமிழில் 'கொரில்லாப் போர்' என்று எழுதும்போது வரும் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. அது ஸ்பானிய மொழியில் சிறு போரைக் குறிக்கும் சொல். ஆனால் இந்தக் கொரில்லாவும் விரைவிலேயே அறிஞர்களிடையே ஒரு போரை மூட்டியது.

மனித மூளையில் உள்ள ஒரு பகுதி எந்தக் குரங்குக்கும் கிடையாது என்றார் லண்டன் அறிஞர் ரிச்சர்ட் ஓவன். குரங்கு மூளைகளிலும் அது இருக்கிறது என்று உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி எடுத்துக் காட்டினார். கீழ்நிலைக் குரங்குகளைவிட மனிதனுக்குத்தான் கொரில்லா நெருக்கம் என்று 1863இல் புத்தகமே எழுதினார். எவ்வளவு நெருக்கம் என்பதைக் காட்ட இன்னொரு பெண் வர வேண்டியிருந்தது.

அவள் பெயர் காமிலா. 2012இல் வெளியான கொரில்லா மரபணுத் தொகுப்பு அவளுடையது. மனிதனுக்கு மிக நெருங்கிய உறவு சிம்பன்சிதான் என்பதை அது உறுதிசெய்தது. கூடவே ஒரு வியப்பையும் வெளியிட்டது: மனித மரபணுத் தொகுப்பில் சுமார் 15 சதவீதம், சிம்பன்சியைவிடக் கொரில்லாவோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது.