கொள்வோர் பொறுப்பு

2020 வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்த பூம்புகாரைப் பட்டினப்பாலை 301 அடிகளில் பாடுகிறது. அங்கே பரதவர் இறாலைச் சுட்டுத் தின்கின்றனர். ஆமையைப் புழுக்கி உண்கின்றனர். அதே நூலின் வேறோரிடத்தில் வலைஞர் முற்றத்தில் மீன்கள் அஞ்சாது பிறழ்கின்றன. ஊன் விற்போர் குடிசையருகே விலங்குகள் வந்து கூடுகின்றன. இக்காட்சியைக் கொலை கடிந்த நன்மக்களின் ஒழுக்கத்தோடு இயைத்துப் பாடுகிறார் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அம்மக்கள் இன்ன சமயத்தார் என அவர் கூறவில்லை. அனைவரையும் சமணர் எனக் கொள்வது மிகையாகும். ஆயினும் வாங்குவோர் இன்மையால் விற்போர் தொழில் ஓயும் என்னும் உண்மை அக்காட்சியில் புலப்படுகிறது.

சிலப்பதிகாரத்தில் சமயம் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. புகாரிலிருந்து மதுரை சென்ற கோவலன் சாவக நோன்பி ஆதலின், பகலுணவு சமைப்பதற்கு ஏற்ற நற்கலங்களை விரைந்து தருமாறு மாதரி கேட்கிறாள். ஆயர் மகளிர் தந்தவை பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி, பாற்பயன் என்பன. கிழங்கு ஒன்றேனும் இல்லை. இளங்கோவடிகள் அதற்குக் காரணம் கூறவில்லை. சமண இல்லத்து அடுக்களையை அறிந்தார்க்குக் கூறவும் வேண்டா.

நாகப்பட்டினமோ நெடுங்காலம் பௌத்தத்தின் துறைமுகம். முதலாம் இராசராசன் காலத்தில் இங்கெழுந்த சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் இறையிலியாக அளிக்கப்பட்டது. தமக்கெனக் கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத ஊனைத் துறவியர் ஏற்கலாம் என்பது பௌத்த விநய நூல்களின் விதி. கொன்றவன் வேறு, வாங்கியவன் வேறு என்னும் வாதம் இதனையொட்டி வளர்ந்தது. சமணர் அதனை ஏற்கவில்லை. பௌத்தரோடு வாதிடும் நீலகேசி, ஊன் உண்பதற்குக் கூறப்படும் இத்தகைய சமாதானங்களைக் கடிந்து மறுக்கிறது. திருக்குறளின் 256ஆம் பாவோ வாதத்தை அங்காடிக்கே கொண்டு செல்கிறது: உண்பதற்காக வாங்குவோர் இல்லையேல் பொருளுக்காகக் கொல்வோரும் இல்லை. வள்ளுவர் கொலைஞனை மட்டும் நோக்கவில்லை. காசு கொடுக்கும் கையையும் நோக்குகிறார்.

இன்று அந்தக் கைக்கு உதவியாகப் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி அச்சிடப்படுகிறது. இஃது ஊனில்லை என்பதற்கு மட்டுமே சான்று. தேனும், உருளைக்கிழங்கு வறுவலும், பூண்டு சேர்ந்த பொடிகளும் அதே புள்ளியோடு விற்கப்படுகின்றன. மாதரியின் காலத்தில் காயைக் கண்டே அறியலாம். இப்போது உறையின் பின்புறத்துச் சிற்றெழுத்துகளைப் படித்தாக வேண்டும். அதனால் கடையில் நோன்பியர்க்குச் சற்று நேரம் கூடுதலாகிறது. பொழுது சாயுமுன் உண்டு முடிக்க வேண்டியிருத்தலின் அவர்கள் முன்னதாகவே புறப்படுகின்றனர்.