கல்வராயன் மலையில் வேடர் அழிந்தனரா? மான் வேட்டை மரபு பற்றி ஒரு மறுவாசிப்பு

கல்வராயன் மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினரின் திருமணத்தில் வானத்தை நோக்கி ஒரு துப்பாக்கி வெடிக்கும் வழக்கத்தை, 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கெசட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் பதிவு செய்தார். கூடவே ஒரு விளக்கமும் தந்தார். மலையில் முன்பு வேடர் இருந்தனர். மேலேறி வந்தவர்கள் ஆண்களைக் கொன்று பெண்களை மணந்துகொண்டனர். செத்துப்போன அந்த வேடக் கணவனையே வெடி குறிக்கிறது என்பது அவ்விளக்கம். மூன்றாண்டு கழித்து எட்கர் தர்ஸ்டன் தம் குலங்கள், குடிகள் பற்றிய தொகுப்பில் இதை அப்படியே எடுத்து வைத்தார். இந்த மலையின் மான் வேட்டையைப் பற்றி எழுத வருபவர் இந்த ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டாமல் மேலே போக முடியாது. வேடர் கொல்லப்பட்டிருந்தால் வேட்டை மரபு அங்கே அறுந்துவிட்டது. கொல்லப்படவில்லை என்றால் அது யார் கையிலோ தொடர்ந்திருக்கிறது.

பிரான்சிஸ் கதை கட்டினார் என்று நான் சொல்லவில்லை. யாரோ சொன்னதைத்தான் எழுதியிருப்பார். ஆனால் சடங்கின் வயது வேறு, சடங்குக்குச் சொல்லப்படும் காரணத்தின் வயது வேறு. துப்பாக்கி தமிழ்நாட்டுக் குடியானவன் கைக்கு வந்தது பிற்காலத்தில்தான். கல்வராயனின் சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் ஆகிய மூன்று ஜாகிர்களும் தங்கள் உரிமையைக் கிருஷ்ணதேவராயரிடமிருந்து (1509–1529) பெற்றதாகவே சொல்லிக்கொள்கின்றன. குடியேற்றம் அதற்கு முந்தையது என்றால், கொலையை நினைவூட்டும் சடங்கில் முதலில் வெடித்தது துப்பாக்கியாக இருக்க வழியில்லை. அம்புக்குப் பதிலாகத் துப்பாக்கி வந்தது என்று வாதிடலாம். ஆனால் திருமணத்தில் அம்பு எய்ததாகப் பிரான்சிஸ் எழுதவில்லை.

இன்னொன்று. கொலையை நடித்துக் காட்டுபவன் எதையாவது குறி வைப்பான். வானத்தை நோக்கிச் சுடுவது ஓசைக்காக. திருமண வீட்டிலும் கோயில் விழாவிலும் வேட்டுப் போடுவது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம். வேறெங்கும் யாரும் அதற்கு ஒரு படுகொலையைக் காரணம் காட்டுவதாக நான் அறியேன். ஓசைக்கு வேட்டைக்காட்டில் தனி வேலை உண்டு என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். காட்டைக் கலைக்கும்போது ஒரு சாரார் பறையும் கூச்சலுமாக விலங்கை விரட்டுவார்கள். மறு சாரார் மூச்சுக் காட்டாமல் காத்திருப்பார்கள். வானத்து வெடி விரட்டுபவன் செய்கிற காரியம், கொல்பவன் செய்வதன்று. இது என் ஊகம்தான். ஆனாலும் பிரான்சிஸின் விளக்கத்தைவிட இது சடங்கின் உருவத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, தர்ஸ்டன் நூலிலேயே உள்ள வேறொரு கதை வடிவம். காஞ்சிபுரத்துப் பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவரும் வேட்டைக்குப் போகிறார்கள். நாய்கள் மட்டும் வீடு திரும்புகின்றன. கணவர் மாண்டனர் என்றே மனைவியர் முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு மூவரும் மலைப்பக்கம் வந்து வேறு பெண்களை மணக்கிறார்கள்; நடுவண்ணன் கைப்பிடித்தது வேடர் பெண்ணை. இந்த வடிவத்தில் வேடர் எவரும் கொல்லப்படவில்லை. வேடர் குடும்பம் பெண் கொடுத்த சம்பந்தி வீடு. வேட்டைக்குப் புறப்பட்டவர்களும் வந்தேறிகளே. ஒரே சமூகத்தின் வாயிலிருந்து வந்த இரண்டு கதைகளில் கொலைக் கதை மட்டும் வரலாறாக நின்றது. சம்பந்தக் கதை பழங்கதையாகத் தள்ளப்பட்டது. இந்தத் தேர்வுக்கு எந்த ஆதாரமும் காட்டப்படவில்லை.

சம்பந்தி வீட்டார் வேட்டையைக் கற்றுக்கொடுத்திருந்தால், அது எப்படி இருந்திருக்கும்? தென்பெண்ணைக்கு வடகரையில், கல்வராயனுக்கு எதிர்ப்புறமாக உள்ள செங்கத்து மன்னன் நன்னனைப் பாடிய சங்கப் பாட்டான மலைபடுகடாம் நமக்கு ஒரு காட்சியைத் தருகிறது. 583 அடி கொண்ட அப்பாட்டின் காலத்தை ஒரு நூற்றாண்டுக்குள் அடைக்க முடியவில்லை. அறிஞர்களின் கணக்கு முன்னும் பின்னுமாக நிற்கிறது. மலைவாழ் மக்கள் கூத்தர்க்கு இடும் உணவில் கடமான் தசை, முள்ளம்பன்றி இறைச்சி, பெண்நாய் முடுக்கிய தடி என மூன்று இறைச்சிகள் வருகின்றன. கடமானுக்குக் கொடுத்த அடைமொழியில்தான் என் கண் நின்றது. வருகின்ற விசையைத் தவிர்த்த கடமான் என்கிறார் புலவர். ஓடுகின்ற விசை என்று சொல்லவில்லை. ஒரு விலங்கை ‘வருகிறது’ என்று சொல்ல, எதிரே ஒருவன் நின்றிருக்க வேண்டும்.

‘தவிர்த்த’ என்ற பெயரெச்சம் இரண்டு பக்கமும் சாயும். வேட்டுவர் அதன் விசையைத் தவிர்த்தனர் என்றும் கொள்ளலாம், கடமான் தன் விசையைத் தானே நிறுத்திக்கொண்டது என்றும் கொள்ளலாம். இரண்டாவது பொருள் இயற்கைக்கு ஒத்தது. நாய்கள் நெருக்கினால் புள்ளிமான் வாலைத் தூக்கி, அடிப்புற வெள்ளை பளிச்சிட, கூட்டமாகப் பறந்துவிடும்.  கடமான் அப்படியன்று. ஓரளவு ஓடிவிட்டுத் திரும்பி நிற்கும். முன்காலால் தரையை உதைக்கும். பெரும்பாலும் நீரில் இறங்கி நின்று நாய்களை எதிர்கொள்ளும். எதிரே காத்திருப்பவனுக்கு அந்த நொடி போதும். ஒரே ஒரு சொல்லில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது என்று உறுதி கூற முடியாது. ஆனால் மலையில் மானைப் பார்த்திராதவர் எழுதிய சொல்லாக அது தோன்றவில்லை.

நாய் முடுக்கிய தடியை உரையாசிரியர் நச்சினார்க்கினியர் உடும்பின் தசை என்கிறார். மூலத்தில் உடும்பு இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் வேட்டுவரான எயினர் வீட்டு விருந்தில் நாய் கொண்டுவந்த உடும்பு வருகிறது. அதற்கும் உரை எழுதியவர் அவரே. அங்கிருந்து இங்கே உடும்பு இடம்பெயர்ந்திருக்கலாம். முடுக்குதல் என்பது நெருக்கி விரட்டுதல். வளைக்குள் ஒடுங்கும் உடும்பைவிடப் புதரிலிருந்து பாயும் சிறு மானுக்கே அது பொருந்தும்.

மலைபடுகடாம் காட்டும் வேட்டைக்கும் மலையாளிகளின் கதைக்கும் இடையே ஆயிரமாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. அதை நிரப்ப நடுகற்களைத் தேடினால், 1972இல் தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள் பெரும்பாலும் ஆநிரைப் பூசலில் பட்டவர்க்கு எடுத்தவை. மான் வேட்டையில் ஆள் சாவது அரிது, ஆகவே கல்லும் அரிது. கல்லின் மௌனத்தை வேட்டையின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. தொடர்ச்சிக்கும் அதைச் சான்றாகக் காட்ட நான் துணியவில்லை. மேட்டில் காத்திருப்பு, பள்ளத்தில் விரட்டல், நடுவில் நாய் என்னும் அமைப்பு பாட்டிலும் மலையாளிகளிடமும் ஒன்றாக இருந்திருக்கலாம் என்பதை மட்டும் வைக்கிறேன்.

அதே 1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இந்த வேட்டையைக் குற்றமாக்கியது. உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்யும் செய்தி இம்மலையிலிருந்து இன்றும் வருகிறது. துப்பாக்கி போய்த்தான் ஆக வேண்டும். அதோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கும் அறிவைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

கல்வராயனில் வெள்ளிமலைக்கு மேற்கே ஓர் ஓடைக்கரையில் பெரியவர் ஒருவர் என்னைக் கையைப் பிடித்து நான்கடி தள்ளி நிறுத்தினார். “அங்க நின்னா காத்து நம்ம வாடையைக் கொண்டுபோயிடும் சாமி, இங்கயே நில்லுங்க” என்றார். ஈர மண்ணில் இரட்டைக் குளம்பு ஆழமாகப் பதிந்திருந்தது; அதைக் காட்டி, “இது ஓடுன கால் இல்ல, நின்ன கால்” என்றார். பதிவின் பின்பாதியில் நீர் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.