கல்லூரி வாசலைத் தாண்டிய முன்வரிசை

2024 ஆகஸ்ட் 10, பாரிஸ். ஒலிம்பிக் மகளிர் கால்பந்து இறுதியாட்டத்தின் 57ஆவது நிமிடத்தில் மல்லரி ஸ்வான்சன் அடித்த ஒரே கோலில் பிரேசில் தோற்றது. அந்தத் தொடரில் அமெரிக்கா போட்ட 12 கோல்களில் பத்து, முன்களத்தில் ஆடிய மூன்று பேருடையவை: ஸ்வான்சன், சோஃபியா ஸ்மித், டிரினிட்டி ராட்மன். மூவரில் கல்லூரி அணிக்காக முறையான ஆட்டம் ஆடியவர் ஸ்மித் மட்டும்தான். அதுவும் இரண்டே பருவம்.

ஒரு தலைமுறைக்கு முன் இது நடக்காத காரியம். அமெரிக்கப் பெண்ணுக்குக் கால்பந்தில் மேலே வரக் கல்லூரியை விட்டால் போக்கிடம் இல்லை.

அந்த வழியைத் திறந்துவிட்டது ஒரு கல்விச் சட்டம். அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்கள் ஆண், பெண் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1972இல் வந்த ‘டைட்டில் 9’ பிரிவில் விளையாட்டு என்ற பேச்சே கிடையாது. ஆனால் அதன் பாரம் விழுந்த இடம் மைதானம். அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளில் ஆண்களைக் குவித்து வைத்திருந்த கல்லூரிகள், கணக்கைச் சரிக்கட்டப் பெண்களுக்கும் அணிகள் அமைக்க வேண்டியிருந்தது. கால்பந்து அதற்குத் தோதாக அமைந்தது. நிறைய பேரைச் சேர்க்கலாம், செலவும் குறைவு.

வட கரோலினாப் பல்கலைக்கழகம் 1979இல் அன்சன் டோரன்ஸைப் பயிற்சியாளராக வைத்துப் பெண்கள் அணியைத் தொடங்கியது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 1982இல் நடத்திய முதல் மகளிர் கால்பந்துக் கோப்பையை அவர்களே வென்றார்கள். பிறகு அது பழக்கமாகிவிட்டது. தேசிய அணியின் பயிற்சியாளராகவும் டோரன்ஸ் இருந்ததால், கல்லூரி மைதானமும் தேசிய அணியின் வாசலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

மியா ஹாம் 15 வயதில், 1987இலேயே, தேசிய அணியில் ஆடியவர். வட கரோலினாவுக்காக நான்கு கோப்பைகள் வென்றார். அங்கே ஆடிய 95 ஆட்டங்களில் தோற்றது ஒன்றே ஒன்று. இடையில் 1991இல் கல்லூரிப் பருவத்தை விட்டுவிட்டுச் சீனாவில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையையும் வென்று வந்தார். இத்தனைக்கும் பிறகு 1993இல் கல்லூரி ஆட்டம் முடிந்தபோது, உள்நாட்டில் அவரைச் சேர்த்துக்கொள்ள ஒரு தொழில்முறை லீக்கூட இல்லை. அதே உலகக் கோப்பையில் பத்து கோல் அடித்த மிஷெல் ஏக்கர்ஸ் கிளப் ஆட்டத்துக்காக ஸ்வீடன் போக வேண்டியிருந்தது.

லீக் வர 2001 ஆனது. ரோஸ் பவுல் அரங்கில் 90,185 பேர் பார்த்த 1999 உலகக் கோப்பை இறுதியாட்டத்தின் உற்சாகத்தில் பிறந்த டபிள்யூயுஎஸ்ஏ, மூன்றே பருவத்தில், சொந்த மண்ணில் அடுத்த உலகக் கோப்பை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு இழுத்து மூடப்பட்டது. 2009இல் வந்த டபிள்யூபிஎஸ் லீக்கும் மூன்று பருவத்தோடு சரி. பெர்க்லியில் படித்த அலெக்ஸ் மார்கன், கல்லூரி வீராங்கனைகளை லீக் அணிகள் தேர்ந்தெடுக்கும் 2011 டிராஃப்டில் முதலாவதாக எடுக்கப்பட்டு, அந்த ஆண்டே வெஸ்டர்ன் நியூயார்க் ஃபிளாஷ் அணியோடு கோப்பையும் வென்றார். மறு ஆண்டு லீக்கே இல்லை.

இந்த டிராஃப்டை ஐபிஎல் ஏலம் என்று நினைத்துவிட வேண்டாம். அதில் விலை ஏறவில்லை. பொதுவாக, முந்தைய ஆண்டு கடைசியில் வந்த அணி முதலில் கைகாட்டியது. மற்ற அணிகள் வரிசைப்படி எடுத்தன. எந்த ஊரில் ஆடுவது என்பதில் பெண்ணுக்குச் சொல் இருக்கவில்லை. 2013இல் தொடங்கிய என்டபிள்யூஎஸ்எல் லீக்கும் இதே முறையைத்தான் வைத்துக்கொண்டது. முதல் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 6,000 டாலர். அந்தப் பணத்துக்குக் கல்லூரி உதவித்தொகையை யார் விடுவார்கள்?

லீக் நிலைத்த பிறகுதான் கணக்கு மாறியது. 2017இல் ஸ்வான்சன் (அப்போது மல்லரி பியூ) யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தும் முறையான ஆட்டம் ஒன்றும் ஆடாமல் வாஷிங்டன் ஸ்பிரிட்டுக்குப் போனார். ஸ்மித் 2019இல் ஸ்டான்ஃபோர்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அரையிறுதியில் யுசிஎல்ஏவுக்கு எதிராக மூன்று கோல். அடுத்த மாதமே, 19 வயதில், டிராஃப்டில் முதல் ஆளாக போர்ட்லாண்ட் தார்ன்ஸ் அவரை எடுத்தது. 2022இல் லீக்கின் சிறந்த வீராங்கனை அவர்தான்; இறுதியாட்டத்திலும் கோல் அடித்தார். ராட்மன் விஷயத்தில் கொரோனா குறுக்கே வந்தது. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு 2020 பருவம் தள்ளிப்போக, 18 வயதில் நேரே டிராஃப்டுக்குப் போனார். முதல் ஆண்டே கோப்பை. அதே 2021இல் ஒலிவியா மோல்ட்ரி, 18 வயதுக் கட்டுப்பாட்டை எதிர்த்து நீதிமன்றம் போய், 15 வயதில் போர்ட்லாண்டில் ஒப்பந்தமானார்.

பாரிஸ் தங்கம் வென்ற 12ஆம் நாள், லீக்கும் வீராங்கனைகள் சங்கமும் புதிய ஒப்பந்தத்தை அறிவித்தன. டிராஃப்ட் ஒழிந்தது. 2025க்குக் குறைந்தபட்சச் சம்பளம் 48,500 டாலர். கல்லூரி ஆட்டம் இதனால் செத்துவிடாது. 17 வயதில் எல்லாக் கால்களும் ராட்மன் கால்களாக இருப்பதில்லை, முதிரச் சில ஆண்டுகள் வேண்டியவர்களே அதிகம். ஆனால் படிப்பை முடித்து வருகிற பெண்ணும் இனி தன் ஊரைத் தானே பேசி முடிவு செய்யலாம். அந்த உரிமை கிடைக்கும் முன் நடந்த கடைசி டிராஃப்ட் 2024 ஜனவரியில். அதில் முதலாவதாக யூட்டா ராயல்ஸ் எடுத்தது வட கரோலினா மாணவி ஆலி சென்ட்னரை.